கச்சிமாக் குடாவில் தூண்டில்

ஆங்கரேஜ் நகரத்திலிருந்து தெற்கே புறப்படும் பெருஞ்சாலை, பனிமலைகளின் அடிவாரத்தையும் சால்மன் மீன் ஏறிவரும் ஆறுகளின் கரையையும் ஒட்டி ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தூரம் வளைந்து வளைந்து சென்று, இனிச் செல்வதற்கு நிலம் இல்லை என்ற நிலையில், கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு கூழாங்கல் திட்டின் முனையில் முடிவடைகிறது. அந்தத் திட்டைத் தனக்கு உடைமையாகக் கொண்ட சிற்றூர் ஹோமர். 1896-ஆம் ஆண்டு பொன் தேடி இங்கே வந்திறங்கிய கூட்டத்தின் தலைவனான ஹோமர் பென்னக் என்பவனுடைய பெயரையே ஊருக்கு இட்டார்கள். பொன் கிடைக்காமல் அவர்கள் போய்விட்டார்கள். ஊர் மட்டும் நிலைத்துப் பிற்காலத்தில் பெயர் பெற்றதற்குக் காரணம், அவர்கள் தோண்டிப் பார்க்க நினைக்காத கடலடியில் படுத்திருந்த ஹாலிபட் என்னும் மீன்.

சாலை ஊருக்குள் இறங்குமுன் பேக்ரெஸ்ட் குன்றின்மேல் வண்டியை நிறுத்தாமல் போகிறவர்கள் உண்டென்று நான் நம்பமாட்டேன். வலப்புறம் குக் கடற்கழி விரிகிறது; 1778-ஆம் ஆண்டு வடமேற்கு மார்க்கத்தைத் தேடிவந்த கேப்டன் குக், இது கடல்வழியா, வெறும் முகத்துவாரமா என்று அறிய மேலே ஏறிச்சென்று ஏமாந்து திரும்பிய நீர்ப்பரப்பு அதுதான். அதற்கப்பால் இலியம்னா, ரிடௌட் என்ற இரு எரிமலைகள் வெண்பனி போர்த்து நிற்கின்றன. தென்மேற்கே, கடல் நடுவில் தனித்தெழுந்த அகஸ்டின் எரிமலை 2006-இல் கூடச் சாம்பலைக் கக்கியது. நேர் எதிரே கச்சிமாக் குடாவும், அதன் தென்கரையில் பனியாறுகள் இறங்கும் கெனாய் மலைத்தொடரும். இவை அனைத்துக்கும் நடுவில், ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு மெல்லிய கோடாக அந்தக் கூழாங்கல் திட்டு. 1964 மார்ச் 27-ஆம் நாள், ரிக்டர் காலத்துக்குப் பின்வந்த அளவுமுறையில் 9.2 என்று கணிக்கப்பட்ட பெரும் பூகம்பத்தின்போது, அது சில அடிகள் கடலுக்குள் தாழ்ந்துபோயிற்று. இன்று காணும் படகுத்துறை அதன்பின் புதிதாக அமைத்தது. தாழ்ந்துபோன நிலத்தின்மீது மறுபடியும் கல்லைக் கொட்டி, வீடு கட்டி, படகு கட்டி வாழத் துணிந்த மக்களின் திடசித்தத்தைக் கண்டு நான் வியந்தேன்.

நம் கரையில் எருமைநாக்கு என்று வழங்கும் தட்டைமீனைப் பார்த்தவர்களுக்கு ஹாலிபட்டின் வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் அளவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எட்டடி நீளமும் 500 ராத்தல் எடையும் எட்டக்கூடிய பிராணி அது. அதைவிட அற்புதமானது அதன் பால்யம். முட்டையிலிருந்து வெளிப்படும்போது அது மற்ற மீன்களைப் போலவே பக்கத்துக்கு ஒரு கண்ணோடு நிமிர்ந்து நீந்துகிறது. ஓரங்குல நீளத்தை எட்டும் பருவத்தில் இடக்கண் மெல்ல இடம்பெயர்ந்து, நெற்றியைக் கடந்து, வலக்கண்ணுக்கு அருகே வந்து அமர்கிறது. மண்டையோடே அதற்கேற்பத் திருகிக்கொள்கிறது. வலப்பக்கம் மேற்புறமாகிக் கடலடி மணலின் நிறத்தை ஏற்க, இடப்பக்கம் கீழ்ப்புறமாகி வெளுத்துவிடுகிறது. அன்று முதல் ஆயுள் முழுவதும் அது ஒரு பக்கமாகப் படுத்து, இரு கண்களாலும் மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டே வாழ்கிறது. குளிர்காலத்தில் கண்டத்திட்டின் விளிம்புக்கு அப்பால் உள்ள ஆழத்தில் முட்டையிடுகிறது. 50 ராத்தல் எடையுள்ள பெண்மீன் சுமார் 5 இலட்சம் முட்டைகளும், 250 ராத்தல் எடையுள்ளது 40 இலட்சம் முட்டைகள் வரையும் இடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆறு மாத காலம் அந்தச் சிசுக்கள் கடலோட்டத்தின் வசத்தில் மேற்கு நோக்கி மிதந்து சென்று, பிறகு தாம் வளரும் ஆண்டுகளிலெல்லாம், ஓட்டம் தம்மைச் சுமந்துசென்ற திசைக்கு எதிராகக் கிழக்கும் தெற்குமாகத் திரும்பி வருகின்றன. பெண்மீன் பருவமடைய ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆகும். செவிக்குள் இருக்கும் சிறு கல்லில் ஆண்டுக்கொன்றாகப் படியும் வளையங்களை எண்ணி வயது பார்க்கிறார்கள். அப்படி எண்ணியவற்றுள் மிக முதியது 55 ஆண்டுகள் வாழ்ந்திருந்தது. தூண்டிலைக் கையில் எடுப்பதற்கு முன்பு இவ்வளவையும் அறிந்துகொள்வது நல்லது. எதிரே இருப்பது அரைநூற்றாண்டு வாழ்ந்த ஜீவனாக இருக்கக்கூடும் என்ற ஞாபகம் கையை நிதானப்படுத்தும்.

வேட்டைக்கோ மீன்பிடிக்கோ ஆட்களை அழைத்துச்செல்லும் வழிகாட்டித் தொழில் அலாஸ்காவில் கட்டுப்பாடுகள் மிகுந்தது. எங்கள் படகு ஆறு பயணிகளுக்கு மேல் ஏற்றக்கூடாத வகையைச் சேர்ந்தது. அதன் கேப்டன் அறுபதைக் கடந்தவர். பேச்சில் சிக்கனமும் செயலில் மெத்தனமற்ற ஒழுங்கும் உடையவர். முப்பது வயதுவரை நெடுந்தூண்டில் கப்பல்களில் வாணிகத்துக்காக ஹாலிபட் பிடித்து, பிறகு இத்தொழிலுக்கு வந்தவர். கல்லூரி விடுமுறையில் வேலைக்கு வந்த ஒரு பெண் அவருக்கு உதவியாள். பயணிகளில் அயோவா மாநிலத்து விவசாயி ஒருவரும், பதினான்கு வயதுள்ள அவருடைய பேத்தியும் இருந்தார்கள். கோடையாதலால் காலை ஆறு மணிக்கே சூரியன் நன்றாக மேலேறியிருந்தது. உரிமச் சீட்டுகளைச் சரிபார்த்து, மிதவை அங்கிகள் இருக்கும் இடத்தைக் காட்டி, கடலில் விழுந்தவர் அந்தக் குளிர்ந்த நீரில் எவ்வளவு விரைவில் கைகால் செயலற்றுப் போவார் என்பதைச் சற்றும் மென்மைப்படுத்தாமல் சொல்லிவிட்டுத்தான் கேப்டன் கயிற்றை அவிழ்த்தார்.

துறையை விட்டதும் கடல்நீர்நாய்கள் மல்லாந்து மிதந்துகொண்டு எங்களைப் பார்த்தன. தென்கரையில், சாலையே எட்டாமல் படகும் விமானமும் மட்டுமே சென்றடையும் செல்டோவியா என்ற கிராமத்தைத் தாண்டி, பொகிப்ஷி முனையைச் சுற்றிக்கொண்டு திறந்த கடலுக்கு வந்தோம். பிரயாணம் இரண்டு மணி நேரம் பிடித்தது. அலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அன்று கடல் தயவாகவே இருந்தது.

அடிக்கடல் மீன்பிடியின் சூட்சுமம் முழுவதும் ஓதத்தில் அடங்கியிருக்கிறது. குக் கடற்கழியிலும் கச்சிமாக் குடாவிலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு சில நாட்களில் 25 அடியைத் தாண்டும். நம் சோழமண்டலக் கரையில் மூன்றடி நான்கடி ஏறியிறங்கும் கடலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, காலையில் படகுத்துறை மேடைக்குச் சமமாக நின்ற படகுகள் மதியத்தில் இரண்டு மாடி ஆழத்தில் கிடப்பது நம்பமுடியாத காட்சி. அவ்வளவு ஜலமும் ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே வந்து, அடுத்த ஆறு மணிக்குள் வெளியே போகவேண்டுமல்லவா? ஆகையால் இடையிலே ஓடும் நீரோட்டம் மூன்று ராத்தல் ஈயக்குண்டையும் தரையில் நிற்கவிடாமல் இழுத்துப் போய்விடும். ஏற்றம் ஓய்ந்து வற்றம் தொடங்குவதற்கு முன்னும், வற்றம் ஓய்ந்து ஏற்றம் தொடங்குவதற்கு முன்னும் கடல் மூச்சடக்கி நிற்கும் சிறு இடைவேளை ஒன்று உண்டு. அந்த நீர்நிலைப்பையும், அதற்கு முன்னும் பின்னும் ஓட்டம் தளர்ந்திருக்கும் நேரத்தையும் கணக்கிட்டே கேப்டன் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார், நங்கூரத்தை இறக்குகிறார், நங்கூரக் கயிற்றின் நீளத்தைத் தீர்மானிக்கிறார். ஆழமானியின் திரையில் அடித்தரை மேடும் பள்ளமுமாக ஓடிக்கொண்டிருக்க, அவர் அதைப் பார்த்ததைவிடத் தம் கைக்கடிகாரத்தையே அதிகம் பார்த்தார். அடியில் இருப்பதைப் பொறி காட்டிவிடும், எப்போது இருக்கும் என்பதைக் கடல்தான் காட்டும் என்று அவர் ஒரு முறை சொன்னார்.

இருநூறடி ஆழம். தடித்த குறுங்கோல், பின்னிய நூல், அதன் முனையில் ஈயக்குண்டு, வட்டமாக உள்வளைந்த முள், அதில் ஹெர்ரிங் மீனும் அதன்மேல் சால்மன் தலைத்துண்டும். குண்டு தரையைத் தொட்டதும் நூல் தளர்வதை விரல் உணர்ந்துகொள்ளும். உடனே இரண்டு சுற்றுச் சுற்றி நிறுத்த வேண்டும். அப்புறம் ஒன்றும் செய்யக்கூடாது. மற்றத் தூண்டில்களில் மீன் கடித்த க்ஷணத்தில் கோலை வெட்டி இழுப்பது வழக்கம். வட்டமுள்ளில் அப்படிச் செய்தால் மீன் வாயிலிருந்து அது நழுவி வந்துவிடும். மீன் இரையை வாயில் வாங்கித் திரும்பும்போது முள் தானாகவே உருண்டு அதன் கடைவாயில் தைத்துக்கொள்கிறது. மனிதன் செய்யவேண்டியது பாரம் உறுதியாகும்வரை பொறுத்திருந்து, பிறகு சீராகச் சுற்றுவது மட்டுமே. தொண்டையிலோ குடலிலோ தைக்காமல் வாயோரத்தில் தைப்பதால், விடவேண்டிய மீனைக் காயம் குறைவாக விட்டுவிட முடிகிறது. 1980-களின் தொடக்கத்தில் நெடுந்தூண்டில் கப்பல்கள் பழைய முள்ளை விட்டு இதற்கு மாறியபோது பிடிப்பு வெகுவாக உயர்ந்தது.

ஆனால் இந்த அறிவு 1980-களில் பிறந்ததன்று. அலாஸ்காவின் தென்கிழக்குத் தீவுகளில் வாழும் திலிங்கித், ஹைடா மக்கள் தொன்றுதொட்டுச் செதுக்கிவந்த மரத்தூண்டிலை அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் நான் பார்த்திருக்கிறேன். இரு மரக்கிளைகளைக் கூர்கோணமாகப் பொருத்தி, ஊசியிலை மரத்து வேரால் வரிந்து கட்டி, ஒரு கிளையில் எலும்பாலோ பிற்காலத்தில் இரும்பாலோ ஆன முள்ளைப் பின்னோக்கிச் செருகி, மற்றக் கிளையில் கணவாய், நீர்நாய், காகம் முதலிய உருவங்களைச் செதுக்குவார்கள். கல்லைக் கட்டி அடியில் இறக்கும்போது, மரம் இலேசானதால் தரையிலிருந்து சற்றே உயர்ந்து மிதக்கும். செதுக்கிய உருவம் கீழ்நோக்கி, ஹாலிபட் காணும்படி இருக்கும். இரு கிளைகளுக்கும் இடைப்பட்ட வெளியிலே நுழையும் வாய் சிறியதாயிருந்தால் முள் எட்டாது. மிகப் பெரியதாயிருந்தால் கவ்வவே முடியாது. இளமீனும் தப்பிவிடும், முட்டைகளைச் சுமக்கும் முதுமீனும் தப்பிவிடும், ஒரு குடும்பத்துக்குப் போதுமான நடுத்தர மீன் மட்டும் வந்துசேரும். பிடிக்கத் தகாததைப் பிடிக்க இயலாத வகையில் ஆயுதத்தையே அமைத்த அந்தப் புத்திநுட்பத்துக்கு ஈடாக, நாம் சட்டப் புத்தகங்களில் எழுதிவைத்தவற்றுள் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

முதலில் வந்தது ஹாலிபட்டின் உறவினமான அம்புப்பல் தட்டைமீன்; சமைத்தால் குழைந்துபோகும் சதையுடையதாதலால் அதைத் திருப்பி விட்டார்கள். பிறகு விவசாயியின் தூண்டிலில் மஞ்சட்கண் பாறைமீன் ஒன்று செக்கச்செவேலென்று வந்தது. பாறைமீன்களுக்கு வயிற்றிலே காற்றுப்பை உண்டு. ஆழத்தின் அழுத்தத்திலிருந்து திடீரென மேலே வரும்போது அது உப்பி, கண்ணைப் பிதுக்கி, மீனை மறுபடியும் கீழே இறங்கவிடாமல் நீர்மட்டத்திலேயே மிதக்கவைத்துக் கொன்றுவிடும். இம்மீன் நூறாண்டைக் கடந்தும் வாழக்கூடியது. ஆகையால், கனத்த குண்டோடு கூடிய கவ்வியொன்றில் அதன் தாடையைப் பற்றி, அது வந்த ஆழத்துக்கே மறுபடியும் இறக்கி விடுவித்தார் அந்த உதவிப் பெண். அலாஸ்காவின் கடலில் பொழுதுபோக்கு மீன்பிடிக்குச் செல்லும் படகுகளெல்லாம் இத்தகைய உபகரணத்தை வைத்திருக்க வேண்டும் என்பது 2020 முதல் விதி. ஹாலிபட்டுக்குக் காற்றுப்பை இல்லை. அதை எந்த ஆழத்திலிருந்து கொணர்ந்தாலும் அப்படியே நீரில் விடலாம்.

என் கோலில் பாரம் ஏறியபோது துள்ளலோ வெட்டலோ இருக்கவில்லை. நீரில் ஊறிய கோரைப்பாயை இருநூறடி ஆழத்திலிருந்து சுருட்டி இழுப்பது போன்ற ஒரு கனம், அவ்வப்போது தலையைச் சிலுப்பிக்கொண்டு வந்தது. மேலே வந்ததும் வெண்வயிறு ஒரு முறை பளிச்சிட, அது மறுபடியும் அடிநோக்கிப் பாய்ந்து, நான் சுற்றிச் சேர்த்த நூலையெல்லாம் கொண்டுபோயிற்று. இப்படிப் பலமுறை நிகழ்ந்த பிறகே கொக்கியால் தூக்க இடங்கொடுத்தது. இருபது ராத்தலுக்குச் சற்று மேல். அந்த ஊர்க்காரர்கள் ‘கோழி’ என்று அன்போடு அழைக்கும் வகை. உண்பதற்கு அதுவே உத்தமம் என்று கேப்டன் சொன்னார். செவுளை அறுத்து இரத்தம் வடித்து, பனிக்கட்டியில் வைத்தார்கள். உயிரை எடுத்தது என் கை. உண்ணும் பொருட்டு எடுத்தேன் என்பதில் எனக்குச் சஞ்சலம் இல்லை. ஆயினும் அந்த மேல்நோக்கிய கண்கள் இரண்டும் ஒருபக்கமாக என்னைப் பார்த்தபடி இருந்தபோது, அதைத் தொட்டு நின்றேன்.

நீர்நிலைப்பு முடிந்து ஓட்டம் பலக்கவே, அடுத்த நிலைப்புக்காகக் காத்திருந்த நேரத்தில் கேப்டன் பழைய நாட்களைப் பற்றிப் பேசினார். 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் வாணிக ஹாலிபட் பிடிப்பு ஓராண்டில் இரண்டொரு நாட்களுக்கே, ஒரு நேரத்தில் 24 மணி என்ற கணக்கில், திறந்துவிடப்பட்டது. கப்பல்கள் பெருகிவிட்டன, மீனுக்கோ வரம்பு உண்டு. ஆதலால் காலத்தைச் சுருக்கினார்கள். விளைவு என்னவென்றால், அந்த ஒரு நாளில் புயலடித்தாலும் போயே தீரவேண்டும். உறங்காமல் வலித்து, தாங்கும் அளவுக்குமேல் மீனை ஏற்றிக்கொண்டு, கவிழ்ந்தவர்கள் உண்டு. வெட்டிவிட்ட நூல்கள் அடியில் கிடந்து ஆளில்லாமலே மீனைக் கொன்றுகொண்டிருந்தன. ஒரே நாளில் வந்து குவிந்த மீனை உறையவைப்பதைத் தவிர வழியில்லை. 1995-இல் ஒவ்வொருவருக்கும் பங்கு வகுத்து, எட்டு மாத காலத்துக்குள் அவரவர் விரும்பிய நாளில் பிடித்துக்கொள்ளலாம் என்று மாற்றிய பிறகே அந்த ஓட்டப்பந்தயம் ஓய்ந்தது. பங்கு கிடைக்காத இளைஞர்களுக்கு அது அநீதியாகவும் முடிந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் உடன்பிடித்த நண்பர்கள் இருவரைத் தாம் அந்த 24 மணிகளில் இழந்ததாகச் சொன்னபோது, அந்த வாதத்தை நான் மேலே தொடரவில்லை.

வரம்பு என்ற எண்ணம் இந்த மீனைப் பொறுத்தவரை மிகப் பழையது. கண்டத்தைக் குறுக்கே கடந்த இருப்புப்பாதை பசிபிக் கரையை எட்டியபின் 1888-இல் தொடங்கிய வாணிகப் பிடிப்பு, ஒரு தலைமுறைக்குள் அருகிலுள்ள திட்டுகளை வெறுமையாக்கிவிட்டது. கப்பல்கள் வடக்கே வடக்கே போகவேண்டியிருந்தது. அப்போது பிடிப்பை நிறுத்திவைக்கும் காலம் வேண்டும் என்று கேட்டவர்களில் அத்தொழில் செய்தவர்களே முன்நின்றார்கள். அதன் பயனாக 1923 மார்ச்சு மாதம் அமெரிக்காவும் கானடாவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. குளிர்கால மூன்று மாதம் பிடிப்பு நின்றது. மீனை ஆராயவும் காக்கவும் இரு நாட்டுக்கும் பொதுவான ஓர் ஆணையம் பிறந்தது. பிரிட்டிஷ் பிரதிநிதியின் கையெழுத்து இல்லாமல் கானடா தன் சொந்தப் பெயரில் கையெழுத்திட்ட முதல் உடன்படிக்கை அது. ஒரு டொமினியன் தன் சுதந்திரத்தை முதன்முதலாகச் செலுத்திப் பார்த்தது போர் விஷயத்திலோ எல்லை விஷயத்திலோ அன்று, கடலடியில் படுத்திருக்கும் ஒரு மீனைப் பாதுகாக்கும் விஷயத்தில் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். எங்களைப் போன்ற பயணிகளைச் சுமக்கும் படகுகளுக்கும் 2014 முதல் ஆண்டுதோறும் பங்கு வரையறுக்கப்படுகிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு மீன், அவற்றுள் ஒன்று குறித்த நீளத்துக்கு மேற்படக்கூடாது, வாரத்தில் சில நாள் பிடிக்கவே கூடாது என்ற விதிகள் அந்தப் பங்குக்கு ஏற்ப மாறிவருகின்றன.

பிற்பகல் நீர்நிலைப்பில் அந்தச் சிறுமியின் கோல் நீர்வரை வளைந்தது. தாத்தா உதவிக்கு வந்தபோது வேண்டாமென்று தலையசைத்துவிட்டாள். முக்கால் மணி நேரம் அவள் நின்ற நிலையைவிட்டு அசையவில்லை. கடைசியில் நீருக்கடியில் எழுந்த உருவத்தைக் கண்டு படகில் இருந்த ஒவ்வொருவரும் வாயடைத்துப் போனோம். அவளைவிட நீளம். ‘களஞ்சியக் கதவு’ என்று அங்கே சொல்லும் வகை. இத்தகைய மீனை உயிரோடு படகில் ஏற்றினால் காலை முறித்துவிடும் என்பதால் நீரிலேயே சுட்டோ குத்தீட்டி எறிந்தோ அடக்குவார்கள். கேப்டன் படகோரத்தில் மண்டியிட்டு அளவுகோலை நீட்டிப் பார்த்துவிட்டு, நூறு ராத்தலுக்கு மிக மேல், இவ்வளவு பெரியது பெண்ணாகவே இருக்கும், சட்டப்படி எந்த நீளமும் ஒன்று உனக்கு உரியதுதான், ஏற்றவா விடவா, நீதான் சொல்லவேண்டும் என்றார். தம் விருப்பத்தை அவர் குரலில்கூடக் காட்டவில்லை. அவள் தாத்தாவைப் பார்த்தாள். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எத்தனை முட்டை இடும்?” என்று கேட்டாள். கேப்டன் சொன்னார். “விட்டுவிடுங்கள்” என்றாள். முள்ளை நெம்பியெடுத்ததும் அம்மீன் ஒரு கணம் கிடந்த இடத்திலேயே கிடந்து, பிறகு தன் முழு அகலத்தையும் ஒருமுறை அலைபோல் அசைத்து, நேராக அடிநோக்கிச் சென்றது. அதைக் கொன்று துறையில் தொங்கவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்பவர்களை நான் பழிக்கமாட்டேன், அது அவர்கள் உரிமை. ஆனால் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டே அதைச் செலுத்தாமலிருக்கப் பதினான்கு வயதில் ஒருத்திக்குத் தெரிந்திருந்ததைக் கண்ணால் கண்டதே எனக்கு இப்பிரயாணத்தின் பெரும்பேறு.

மாலையில் திட்டுக்குத் திரும்பினோம். கடலில் மறைந்தவர்களின் நினைவாக அங்கே மணியோடு கூடிய ஒரு மண்டபம் இருக்கிறது. கேப்டன் அதைக் கடக்கும்போது தொப்பியைக் கழற்றினார். துறையோர மேசையில் உதவிப் பெண் ஒவ்வொரு மீனையும் மேலிரண்டு கீழிரண்டு என நான்கு தசைப்பாளங்களாகப் பிரித்து, கன்னத்துச் சதையைத் தனியே எடுத்துக்கொடுத்தார். அப்போது மாநில மீன்வளத் துறையைச் சேர்ந்த ஓர் இளைஞர் பலகையும் அளவுகோலுமாக வந்து, எலும்புக்கூடுகளை ஒவ்வொன்றாகக் கிடத்தி நீளம் குறித்துக்கொண்டு, எங்கே பிடித்தீர்கள், எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று கேட்டார். கேப்டன் தம் பதிவேட்டைத் திறந்தார். வைத்துக்கொண்டவை ஒரு பத்தியில், விட்டவை இன்னொரு பத்தியில். அலாஸ்காவின் துறைகளிலெல்லாம் கோடை முழுவதும் இப்படித் திரளும் எண்கள் ஒன்றாகக் கூட்டப்பட்டு, ஜனவரியில் ஆணையத்தின் இரு நாட்டு உறுப்பினர்களும் கூடும் ஆண்டுக் கூட்டத்துக்குப் போய்ச்சேர்கின்றன. அடுத்த கோடையில் இந்த முனைக்கு வருகிறவர் எத்தனை மீனை, எந்த நீளம்வரை, வாரத்தில் எந்த நாட்களில் பிடிக்கலாம் என்பதை அவர்கள் அந்த மேசையில் முடிவு செய்வார்கள்.